விஷம் எதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே அதைப் பிடிச்சு வச்ச மண்: சியாட்டில் கேஸ்

மழைத்தண்ணி மேனேஜ்மெண்ட்னு பேச்சை எடுத்தா பெரும்பாலும் வெள்ளத்துலயே நின்னுடும். எவ்ளோ தண்ணி வந்துச்சு, எவ்ளோ கீழ இறங்குச்சு, பைப் தாங்குச்சா இல்லையா, அவ்ளோதான். அந்தத் தண்ணியோட என்னென்ன கரைஞ்சு போகுதுன்னு கேக்கறவங்க கம்மி. கேட்டே ஆகணும்னு ஒரு ஊரையே உக்கார வச்சது ஒரு மீன்: அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், சியாட்டில் பக்கத்து ஓடைகளுக்கு முட்டை போடத் திரும்பி வர்ற கோஹோ சால்மன். பசுமைக் கட்டமைப்பு (வெறும் குழாயை நம்பாம மண்ணும் செடியும் வச்சு மழைத்தண்ணியைக் கையாளறது) பத்தி யாராவது ஒரே ஒரு கேஸ் படிக்கணும்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன், ஏன்னா மத்த இடத்துல எல்லாம் "இத்தனை சதவீதம் குறைஞ்சுது"ன்னு ஒரு ரிப்போர்ட் வரும், நம்பறதும் நம்பாததும் நம்ம இஷ்டம். இங்க ரிசல்ட் தொட்டியிலயே தெரியும், மீன் நீந்துதா இல்ல செத்து மிதக்குதா.

ஓடையை சரி பண்ணாங்க, மீனும் வந்துச்சு

1990கள்ல சியாட்டில்ல நகரத்து ஓடைகளை மீட்டெடுக்கற வேலை ஜோரா நடந்துச்சு. அடைப்பா இருந்த குழாய்ங்களை எடுத்தாங்க, கரையில மரம் வச்சாங்க, மீன் முட்டை போட வசதியா ஓடைக்குள்ள சரளைக்கல் போட்டாங்க, எல்லாம் நல்லாத்தான் போச்சு. கோஹோ கடலுக்குப் போயி ஒண்ணரை வருஷம் போல வளர்ந்துட்டு இலையுதிர் காலத்து மழையோட ஓடைக்கு ஏறி வரும். வந்துச்சு. வந்து முட்டை போடாமலே செத்துச்சு.

சாகற விதமே விசித்திரமா இருந்துச்சு. நல்ல திடமான மீன், உடம்புல காயம் கிடையாது, திடீர்னு தண்ணி மேல வந்து வாயைப் பிளக்கும், திசை தெரியாம வட்டம் அடிக்கும், துடுப்பு விரிஞ்சு விறைச்சுக்கும், அப்புறம் பக்கவாட்டுல சாஞ்சிடும், சில மணி நேரத்துல கதை முடிஞ்சிடும். செத்த பெண் மீனை அறுத்துப் பார்த்தா வயிறு நிறைய முட்டை அப்படியே இருக்கும். மேற்கு சியாட்டில்ல லாங்ஃபெல்லோ ஓடைன்னு ஒண்ணு இருக்கு, அது மாதிரி நகரத்து ஓடைகள்ல 2002ல இருந்து 2009 வரைக்கும் எண்ணிப் பார்த்தாங்க. திரும்பி வந்த மீன்ல 60ல இருந்து 100 சதவீதம் வரைக்கும் இப்படியே போயிருக்கு, வருஷத்துக்கு வருஷம். 100 சதவீதம்னா அந்த வருஷம் அந்த ஓடைக்கு அடுத்த தலைமுறையே கிடையாதுன்னு அர்த்தம்.

வழக்கமான சந்தேகங்களை ஒண்ணொண்ணா அடிச்சுட்டு வந்தாங்க. தண்ணி சூடா? இல்ல. ஆக்சிஜன் கம்மியா? இல்ல. நோயா, கிருமியா, பூச்சிமருந்தா? எதுவும் ஒத்து வரல. மேப்பை வச்சுப் பார்த்தப்போதான் ஒரு விஷயம் தெளிவாச்சு, எந்த ஓடையைச் சுத்தி ரோடும் டிராஃபிக்கும் அதிகமோ அங்க சாவும் அதிகம். அதுலயும் மழை பெஞ்சதும் சாகுது. அப்போ ரோட்டைக் கழுவிட்டு வர்ற தண்ணிதான் காரணம், ஆனா அதுக்குள்ள இருக்குற எது?

காப்பர், ஜிங்க் மாதிரி உலோகங்களையும், வண்டி புகையில எண்ணெயில வர்ற ஹைட்ரோகார்பன்களையும் ஆய்வாளர்கள் சுத்தமான தண்ணியில கலந்து, ரோட்டுத் தண்ணியில இருக்குற அளவுக்கு ஒரு மிக்ஸ் தயார் பண்ணி அதுல மீனை விட்டாங்க. மீன் சாகல! அசல் ரோட்டுத் தண்ணியில விட்டா செத்துடுது. ரோட்டுத் தண்ணின்னா என்னென்னன்னு புத்தகத்துல இருந்த லிஸ்ட் எல்லாம் கலந்தும் சாகலன்னா, லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு உள்ள இருக்குன்னு ஆகுது.

மண்ணு வழியா விட்டுப் பார்த்தாங்க

இந்தக் கேஸ்ல எனக்கு முக்கியமாப் படற இடம் இதுதான். விஷம் எதுன்னே தெரியாது, கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆகும்னும் தெரியாது, அதுக்குள்ள மீன் செத்துட்டே இருக்கு. சரி, பேரு தெரியலன்னா பரவால்ல, நிறுத்த முடியுமான்னு பார்ப்போம்னு ஜெனிஃபர் மெக்கின்டயர், ஜூலான் ஸ்ப்ராம்பெர்க் மாதிரி ஆய்வாளர்கள் இறங்கினாங்க. ரெயின் கார்டன்ல (மழைத்தண்ணி இறங்கறதுக்குன்னே பள்ளமா தோண்டி மண்ணும் செடியும் போட்ட இடம்) போடற மண்ணை உயரமா ஒரு தூண் மாதிரி நிரப்பி, ஹைவேல இருந்து பிடிச்ச தண்ணியை மேல ஊத்தி, அடியில சொட்டி வர்றதைத் தொட்டியில பிடிச்சாங்க. ஒரு தொட்டியில அசல் தண்ணி, ஒண்ணுல மண்ணு வழியா வந்தது. ரெண்டுலயும் கோஹோ.

அசல் தண்ணியில விட்ட குட்டி மீன் எல்லாம் சில மணி நேரத்துல செத்துச்சு, மண்ணு வழியா வந்த தண்ணியில விட்டது பிழைச்சுது. 2015ல குட்டி மீன் வச்சுப் பண்ண ரிசல்ட் வந்துச்சு, 2016ல வளர்ந்த மீன் வச்சுப் பண்ணது வந்துச்சு. வளர்ந்த மீன் டெஸ்ட் ஸுகுவாமிஷ் பழங்குடி மக்களோட மீன் பண்ணையில நடந்துச்சு. அங்கயும் இதே கதைதான், அசல் தண்ணியில எல்லாம் காலி, வடிகட்டினதுல எல்லாம் உயிரோட.

அந்த மண்ணுல ஒண்ணும் மாயம் கிடையாது. மேற்கு வாஷிங்டன்ல ரெயின் கார்டனுக்கு வழக்கமா போடற கலவை 60 பங்கு மணல், 40 பங்கு கம்போஸ்ட். மணல் தண்ணியைக் கீழ இறக்கும், கம்போஸ்ட் பிடிச்சு வைக்கும். தண்ணியில கரைய விரும்பாத கரிமப் பொருள் எல்லாம் கம்போஸ்ட்ல இருக்குற கார்பன் மேல ஒட்டிக்கும், உலோகங்கள் அதோட மின்னூட்டம் உள்ள இடங்கள்ல போய் உக்காந்துக்கும், தூசி துகள் மேல் அடுக்குலயே நின்னுடும், பிடிச்சதுல ஒரு பகுதியை நுண்ணுயிரிங்க மெதுவா சிதைக்கும். செடி எதுக்குன்னா வேர் மண்ணைத் திறந்து வச்சிருக்கும், தண்ணியை உறிஞ்சி காத்துல விடும். பார்க்க அழகா இருக்குறது செடி, ஆனா விஷத்தைப் பிடிக்கற வேலையில பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத அந்த அரை மீட்டர் மண்ணோடது. நிறைய புராஜெக்ட்ல செடி செலக்‌ஷனுக்கு மூணு மீட்டிங் போட்டுட்டு மண்ணை லாரிக்காரர் கொண்டு வந்து கொட்டறதுன்னு விட்டுடறாங்க, அது எனக்குப் புரியவே புரியாது.

விஷத்துக்குப் பேரு கிடைச்சது

2020 டிசம்பர்ல சயன்ஸ் பத்திரிகையில பேப்பர் வந்துச்சு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோட டகோமா கிளையில வேலை பார்த்த ஜென்யூ தியான், எட் கொலோட்ஜீ, கூட மெக்கின்டயர் டீம். டயரைத் துருவி ஊற வச்ச தண்ணியில மீனை விட்டா அதே மாதிரி சாகறதைப் பார்த்தாங்க. ஆனா அந்தத் தண்ணியில சுமார் 2,000 கெமிக்கல், அதைப் பிரிச்சுப் பிரிச்சு, ஒவ்வொரு பங்குலயும் மீனை விட்டு, சாகாத பங்கைத் தூக்கிப் போட்டு, கடைசியில ஒரே ஒரு பொருள்ல வந்து நின்னாங்க. அது எந்த கெமிக்கல் லிஸ்ட்லயும் இல்லாதது.

டயர் ரப்பர் காத்துல இருக்குற ஓசோன் பட்டு விரிசல் விடாம இருக்க 6பிபிடின்னு ஒரு பொருளைச் சேர்ப்பாங்க. ரப்பருக்கு முன்னாடி இது போய் ஓசோனோட சண்டை போடும், அதுதான் அதோட டியூட்டியே. அப்படி வினை நடந்ததும் அது 6பிபிடி-குயினோனா மாறிடும். யாரும் ஃபேக்டரில தயார் பண்ணாத பொருள், ஓடற ஒவ்வொரு டயர்லயும் தானா உருவாகறது. 6பிபிடி 1960கள்ல இருந்தே டயர்ல இருக்கு, அப்போ எத்தனை வருஷமா இது ஓடையில போயிட்டிருக்குன்னு கணக்குப் போட்டுக்கலாம்.

கோஹோ குட்டிகள்ல பாதி சாகறதுக்கு லிட்டருக்கு 95 நேனோகிராம் போதும், இது 2022ல திருத்தி வந்த கணக்கு. எளிமையா சொன்னா 1 கிராம் இருந்தா சுமார் 1 கோடி லிட்டர் தண்ணியை அந்த நிலைக்குக் கொண்டு வந்துடும். இதுல இன்னொரு வினோதம், அதே குடும்பத்துல 'சம்', 'சாக்ஐ'ங்கற ரெண்டு வகை சால்மனும் அதே தண்ணியில ஒண்ணும் ஆகாம நீந்துது, ஸ்டீல்ஹெட் ட்ரவுட் சாகுது. ரோட்டுத் தண்ணியை 20ல 1 பங்கா நீர்த்துப் போக வச்சாலும் கோஹோ தப்பிக்கலன்னு இன்னொரு ஆய்வு சொல்லுது. "ஓடையில போய்க் கலந்தா நீர்த்துப் போயிடும்"ங்கற பழைய சமாதானம் இதோட காலி.

அப்புறம் கனடாவோட வான்கூவர்ல ஒரு நிஜ ரெயின் கார்டன்ல இந்தக் குயினோனையே தெரிஞ்ச அளவு ஊத்தி டெஸ்ட் பண்ணாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சு. அந்த டெஸ்டையும் அதுல இருந்து போட்ட மாடலையும் வச்சுப் பார்த்தா, வழக்கமான மழையில ஓடைக்குப் போற அளவு பத்துல ஒண்ணா குறையும். லேப் தொட்டியில தெரிஞ்சது ரோட்டோரக் குழியிலயும் நிக்குதுங்கறதுக்கு இது நல்ல ஆதாரம்.

அளவுல ஜெயிச்ச தெருவும் இடத்துல ஜெயிச்ச பாலமும்

சியாட்டில் பசுமைக் கட்டமைப்புன்னாலே முதல்ல காட்டறது 2001 வசந்தத்துல முடிச்ச சீ ஸ்ட்ரீட் (ஸ்ட்ரீட் எட்ஜ் ஆல்டர்நேட்டிவ்ஸ்ங்கற திட்டப் பேரோட சுருக்கம்). ஊரோட வடக்குப் பக்கம், பைப்பர்ஸ் ஓடைக்குத் தண்ணி அனுப்பற பகுதியில, ரெண்டாவது அவென்யூல ஒரு தெரு. நேரா இருந்த ரோட்டை 14 அடி அகலத்துக்கு சுருக்கி, வளைச்சு வளைச்சு விட்டு, ரெண்டு பக்கமும் ஸ்வேல், அதாவது தண்ணி தங்கி இறங்க செடி போட்ட ஆழமில்லாத பள்ளம், வெட்டினாங்க. வழக்கமான தெருவை விட தார், கான்க்ரீட் பரப்பு 11 சதவீதம் கம்மி. 100 மரத்துக்கு மேல, புதர்ச்செடி 1,100. அளந்து பார்த்ததுல, முன்னாடி தெருவுல இருந்து வழிஞ்சு போன தண்ணியில 98 சதவீதத்துக்கு மேல வெளியவே போகல. பிரமாதமான நம்பர், உலகம் பூரா பிரசன்டேஷன்ல இந்தத் தெருவோட போட்டோதான் வரும்.

ஆனா மீன் கேஸை வச்சுப் பார்த்தா ஒரு கேள்வி வருது. அந்தத் தெருவுல ஒரு நாளைக்கு எத்தனை டயர் ஓடும்? அது குடியிருப்பு. நல்ல தெருவா ஆக்கினாங்க, சந்தோஷம், ஆனா குயினோன் கொட்டறது ஹைவேல, அங்க ஸ்வேல் வெட்ட ஒரு அடி இடம் கிடையாது. தண்ணி அளவை மட்டும் டார்கெட்டா வச்சா இடம் கிடைக்கற தெருவாத் தேடிப் போவோம். விஷத்தை டார்கெட்டா வச்சா டிராஃபிக் இருக்குற இடத்துக்குப் போகணும், ரெண்டும் பெரும்பாலும் ஒரே இடம் இல்ல.

அதனாலதான் அரோரா பாலம் எனக்குப் பிடிச்ச உதாரணம். 1932ல திறந்த உயரமான பாலம், மேல ஹைவே, கீழ சால்மன் கடலுக்குப் போக வர இருக்குற கால்வாய். பாலத்து மேல விழற மழை அத்தனையும் தூண் ஓரமா இறங்கற குழாய் வழியா, எந்த வடிகட்டலும் இல்லாம கீழ கொட்டிட்டு இருந்துச்சு. ஃப்ரீமாண்ட் பக்கம் பாலத்தை ஒட்டி ஆபீஸ் கட்டின ஒரு டெவலப்பர் டீம் அந்தக் குழாயைப் பார்த்துட்டு, சட்டம் கேட்காமலே, அதைத் திருப்பி சரிவுல படி படியா இறங்கற பயோஸ்வேலுக்குள்ள விட்டாங்க. தண்ணி ஒரு தட்டுல நிறைஞ்சு அடுத்த தட்டுக்கு வழியும், போற வழியிலேயே மண்ணுக்குள்ள இறங்கும். ரோட்டை உடைக்கல, பார்க்கிங்கை எடுக்கல, ஏற்கனவே ஒரு இடத்துல சேர்ந்து கொட்டற தண்ணியைத்தான் பிடிச்சாங்க. மேம்பாலம் இருக்குற எந்த ஊர்லயும் இந்த மாதிரிக் குழாய் இருக்கும், இடம் தேடறவங்க முதல்ல அங்க போய்ப் பார்க்கலாம்.

பாலர்ட்ல நடந்ததையும் சொல்லிடணும்

பாலர்ட் பகுதியில 2010, 2011 வாக்குல ரோட்டோரமா வரிசையா ரெயின் கார்டன் போட்டாங்க. அங்க நோக்கம் வேற, மழையில கழிவுநீர்க் குழாய் நிரம்பி வழியாம தடுக்கறது. மத்திய அரசு பணம் வந்துச்சு, சீக்கிரம் செலவு பண்ணணும், மண்ணை சரியா டெஸ்ட் பண்ண நேரம் கொடுக்கல. அந்தப் பக்கம் பனிப்பாறை அழுத்தி இறுக்கிப் போட்ட அடிமண் உண்டு, சில இடத்துல தண்ணி இறங்கும், பத்தடி தள்ளிப் போனா இறங்காது. தோண்டினதுல ஒரு பகுதி குளம் மாதிரி தேங்கி நின்னுடுச்சு. வீட்டு வாசல்ல செங்குத்தா ஒரு பள்ளம், அதுல கலங்கல் தண்ணி, குழந்தை விழுந்துடுமோன்னு பயம், ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க. கடைசியில சிலதை மூடினாங்க, சிலதை ஆழம் குறைச்சாங்க, சிலதுக்கு அடியில குழாய் போட்டாங்க.

இதை "பசுமைக் கட்டமைப்பு ஃபெயில்"னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. ஒவ்வொரு குழிக்கும் தனியா தண்ணி ஊத்தி எவ்ளோ வேகமா இறங்குதுன்னு பார்க்கறது ஒரு நாள் வேலை. அடிமண் இறங்காதுன்னா கீழ சரளைக்கல், அதுக்குள்ள ஓட்டை போட்ட குழாய், அதோட வாய் டிரெய்னேஜ்ல, இதுதான் வழி. தண்ணி மண்ணு வழியா போனதும் வடிகட்டல் நடந்துடும், நிலத்தடிக்குப் போகலன்னாலும் ஓடைக்கு சுத்தமாப் போகும். மீன் தொட்டி டெஸ்ட்ல நடந்ததே அதுதானே.

நுழைவாயில், கம்போஸ்ட், சுரண்டின மண்

இதுல சின்னதா தெரியற பெரிய விஷயம் நுழைவாயில். ரோட்டு ஓரக்கல்லை வெட்டி ஒரு திறப்பு விடுவாங்க. இலை உதிரற சீசன்ல ரெண்டு மூணு ஈர இலை அந்த வாயில குறுக்க ஒட்டிக்கும், அது மேல மணல் படியும், சிகரெட் துண்டு வந்து சேரும், விரல் கனத்துக்கு ஒரு குட்டி அணை. அப்புறம் பெய்யற மழையில தண்ணி அந்த வாயைத் தாண்டி நேரா பழைய டிரெயினுக்குப் போயிடும். உள்ள செடி பச்சையா இருக்கும், பார்க்கறவங்க எல்லாம் வேலை செய்யுதுன்னு நினைப்பாங்க, ஒரு சொட்டு உள்ள போயிருக்காது. இதைத் தடுக்க வாயை அகலமா வெட்டணும், உள் பக்கத்துல ரெண்டு இன்ச்சாவது தரை இறக்கமா இருக்கணும், உள்ள நுழைஞ்ச உடனே தூசி தங்க கல்லு போட்ட சின்னத் தொட்டி ஒண்ணு இருந்தா சுத்தம் பண்றவருக்கு அள்ளறது ஈஸி. அப்புறம் அடைமழை நடுவுல ஒரு ஆள் போய் நின்னு பார்க்கணும், வெயில் நாள்ல இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி பிரயோஜனமே இல்ல.

கம்போஸ்ட் விஷயத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. 40 சதவீதம் கம்போஸ்ட்ங்கறது தாராளம், புதுசா போட்ட கார்டன்ல இருந்து முதல் மழைகள்ல நைட்ரஜனும் பாஸ்பரஸும், சில சமயம் காப்பரும் கூட, வெளிய வடியும். அந்தத் தண்ணி ஏரிக்குப் போனா பாசி பிடிக்க அதுவே உரம். அதனால மாநில சூழலியல் துறை பின்னாடி இன்னொரு கலவையையும் ஏத்துக்கிச்சு: 70 பங்கு மணல், 20 பங்கு தேங்காய் நார்த்தூள், 10 பங்கு கரி மாதிரி கார்பன் அதிகம் உள்ள மரச்சாம்பல். பாஸ்பரஸ் பிரச்சனை உள்ள ஏரிப் பக்கம் இதைப் போடறது புத்திசாலித்தனம். எந்தக் கலவை போட்டாலும் கார்டனுக்கு உரம் மட்டும் போடக்கூடாது, தோட்டக்காரர் பாசத்துல அள்ளிப் போட்டுடுவார், முன்னாடியே சொல்லி வைக்கணும்.

கட்டும்போதே கெடுக்கற வேலையும் நடக்கும். பக்கத்துல கன்ஸ்ட்ரக்‌ஷன் முடியறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து விட்டா சேறு வந்து ஒரே மழையில மேல்மண்ணை பூசி அடைச்சிடும். ஜேசிபி அந்தக் குழிக்குள்ள ஏறி இறங்கினா மண்ணு இறுகிடும், அப்புறம் எவ்ளோ நல்ல கலவை போட்டும் கீழ இறங்காது.

எல்லா மழையையும் பிடிக்கறதுக்கு இது கட்டினது இல்லங்கறதையும் ஆரம்பத்துலயே புரிய வைக்கணும். மேற்கு வாஷிங்டன்ல சுத்திகரிப்பு அமைப்புங்களை வருஷத்துல ஓடற தண்ணியில 91 சதவீதத்துக்கு டிசைன் பண்றாங்க, மீதி பெரு மழையில வழிஞ்சு போகும், அதுக்கு வழிச்சல் வாய் கட்டாயம் வேணும். 100 சதுர மீட்டர் தார் ரோட்டுல 25 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 2,500 லிட்டர், அதைக் குழி ஒரு ரெண்டு நாளுக்குள்ள குடிச்சு முடிச்சிடணும், இல்லன்னா கொசு, அடுத்த மழைக்கு இடமும் இல்ல.

டயர் பக்கமும் வேலை நடக்குது. கலிஃபோர்னியா 2023 அக்டோபர்ல இருந்து 6பிபிடி உள்ள டயரை முன்னுரிமைப் பொருளா அறிவிச்சு, மாற்று என்னன்னு தேடுங்கன்னு கம்பெனிகளைக் கேட்டிருக்கு. யுரோக், போர்ட் கேம்பிள் ஸ்'க்லாலம், புயாலப் பழங்குடிகள் டயர்ல 6பிபிடியைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் போட்ட மனுவை 2023 நவம்பர்ல அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி ஏத்துக்கிச்சு, 2024ல குயினோனுக்கு மீன்களுக்கான எச்சரிக்கை அளவா லிட்டருக்கு 11 நேனோகிராம்னு வச்சாங்க. ஆனா மாற்றுப் பொருள் கண்டுபிடிச்சு, அது டயரை விரிசல் விட விடாம, அதுவும் வேற எதையும் கொல்லாம இருக்குன்னு நிரூபிச்சு, ஓடற எல்லா வண்டிக்கும் டயர் மாறி முடியறதுக்குள்ள பல தலைமுறை கோஹோ வந்து போயிடும். அதுவரைக்கும் மண்ணுதான்.

அந்த மண்ணும் முடிவே இல்லாம பிடிச்சு வச்சுட்டு இருக்காது. பிடிச்ச அழுக்குல பெரும்பகுதி மேல் சில இன்ச்லயே தங்கும், அதனால அதை சுரண்டி எடுத்துட்டு புது மல்ச் (மண்ணை மூடப் போடற மரச்சீவல் மாதிரி) போட்டா தண்ணி இறங்கற வேகம் திரும்ப வரும். ஆனா அந்த சுரண்டின மண்ணுல ஜிங்க், எண்ணெய், டயர்த்தூள் எல்லாம் சேர்ந்திருக்கும், பக்கத்துப் பார்க்ல கொட்டிட்டு வர முடியாது. டெஸ்ட் பண்ணி எங்க கொண்டு போய்ப் போடறது, லாரி யாரு, காசு எந்தத் தலைப்புல, இதெல்லாம் முதல் நாள் டெண்டர்லயே எழுதி இருக்கணும். கட்டறதுக்கு கிராண்ட் கிடைக்குது, ஆனா அஞ்சாவது வருஷம் மண்ணைச் சுரண்டறதுக்கு கிராண்ட் கிடைக்கறது அபூர்வம்.